சிமெண்ட் தரையில் ஒட்டிய வினைல் டைல் மூலை தூக்குகிறது, பசைதான் காரணமா?

மார்ச் 3, காலை (கேள்வி)

பழைய சிமெண்ட் தரை, அறை 10க்கு 12 அடி. பின்பக்கத் தாளை உரித்துவிட்டு அப்படியே ஒட்டுகிற வினைல் டைல், 12 அங்குலச் சதுரம், நானே உட்கார்ந்து ஒட்டினேன். பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டுத்தான் ஒட்டினேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கதவுப் பக்கம் ஒரு வரிசையும் வெளிச்சுவர் ஓரத்தில் ஏழெட்டு டைலும் மூலை தூக்கிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் இருப்பவை நன்றாகவே இருக்கின்றன. கம்பெனிக்காரன் போட்ட பசை மட்டம் என்றே நினைக்கிறேன். தூக்கிய இடத்தில் காண்டாக்ட் பசை தடவி அழுத்தினால் நின்றுவிடுமா?

மார்ச் 3, இரவு

வேறு பசையை இப்போதைக்குத் தொடாதீர்கள். தூக்கியிருக்கிற டைலில் ஒன்றை முழுதாக உரித்துக் குப்புறப் போட்டு, வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

நான் முதன்முதலில் போட்ட அறையிலும் இதே கதைதான். வெளிச்சுவரை ஒட்டி 14 டைல் எழுந்தன. நானும் பசையைத்தான் திட்டினேன். ஒன்றை உரித்தபோது பசை முழுக்கச் சாம்பல் நிறத்தில், மெல்லிய மாவு பூசினதுபோல் இருந்தது. விரலால் தேய்த்தால் அந்தத் தூள் விரலில் வந்தது, அதன் அடியில் பசை புதிதுபோலவே பிசுபிசுவென்று இருந்தது. அதாவது பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, நான் காட்டினதை இறுகப் பிடித்திருக்கிறது. நான் காட்டினது தரையை இல்லை, தரைமேல் கிடந்த தூசியை.

பின்பக்கம் சாம்பல் தூளாக இருந்தால் தூசி. வெள்ளையாகப் பூத்தோ, பால்போல் கலங்கியோ, கையில் கொழகொழவென்று வந்தாலோ ஈரம். பசை சுத்தமாகப் பளபளவென்று இருந்து, அங்கங்கே மட்டும் தரை பட்ட தடம் இருந்தால் மேடு பள்ளம், அல்லது ஒட்டும்போது போதுமான அழுத்தம் கொடுக்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மார்ச் 4

சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. துடைப்பம் சிமெண்ட் தரையின் நுண்தூசியை எடுப்பதில்லை, தரையின் துளைகளுக்குள் தள்ளிவிடுகிறது. அதன்மேல் ஈரத்துணி போட்டால் தூசி குழம்பாகிப் பரவி, காய்ந்ததும் மெல்லிய ஏடாகப் படிகிறது. கண்ணுக்குத் தரை சுத்தமாகத்தான் தெரியும்.

சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பை ஒரு சாண் அளவு தரையில் ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்து, படக்கென்று இழுங்கள். டேப்பின் பசைப் பக்கம் சாம்பல் பூத்திருந்தால் டைலுக்கும் அதே கதிதான். நான் இப்போதெல்லாம் அறையில் ஆறேழு இடத்தில் இதைச் செய்யாமல் டைல் பெட்டியையே திறப்பதில்லை.

இன்னொன்று, தரை போடும்போது கரணையால் அதிகம் தேய்த்தால் சிமெண்ட் பால் மேலே வந்து ஒரு பலவீனமான தோலாகக் காய்ந்திருக்கும். ஆணியால் கீறினால் பொருபொருவென்று வரும். அந்தத் தோலை உப்புத்தாளாலோ கல்லாலோ தேய்த்து எடுத்துவிட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிறகு பிழிந்த துணியால் துடைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றவேண்டும். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், சிமெண்ட் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல்.

இவ்வளவு செய்தால் பிரைமர், அதாவது ஒட்டுவதற்கு முன் தரையில் அடிக்கும் பூச்சு, தேவையில்லை என்பது என் அனுபவம்.

மார்ச் 6

பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள், நல்லது. கதவுப் பக்கம் சாம்பல் தூள், சுவரோரம் வெள்ளைப் பூ. அப்படியானால் ஒரே அறையில் இரண்டு வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கதவுப் பக்கம் தூசி எப்போதும் அதிகம், நடமாட்டமும் அதிகம். அது சரிசெய்யக்கூடியது. சுவரோர வெள்ளைதான் எனக்குக் கவலை. அது உப்பு. கான்கிரீட் பார்க்கக் கல்போல இருந்தாலும் உள்ளே நுண்துளைகளால் ஆனது. மண்ணின் ஈரம் ஆவியாக அதன்வழியே மெல்ல மேலே வருகிறது. தரை திறந்து கிடந்தவரை அது காற்றோடு போனது, யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் வினைலைப் போட்டு மூடியதும் போக வழியில்லாமல் டைலுக்கு அடியில் தங்குகிறது. வரும்போது சிமெண்டின் காரத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. புது கான்கிரீட்டின் காரம் பிஎச் 12, 13 வரை இருக்கும். காலம் போகப்போகக் காற்றுபட்டு மேல்தோல் மட்டும் 8, 9 என்று இறங்கும், ஆனால் கீழிருந்து ஈரம் ஏறினால் காரமும் மறுபடி மேலே வரும். அந்தக் கார ஈரத்தில் ஊறினால் பசை இளகிக் கொழகொழத்துவிடும். ஊர்வழக்கில் ஓதம் என்கிறோமே, அதுதான் இது.

வீட்டிலேயே பார்க்கலாம். 18 அங்குலச் சதுரமாகக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் போட்டு, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் இரண்டு நாள் விடுவேன். எடுக்கும்போது தாளின் அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள்.

தொழில்முறையில் செய்பவர்கள் இதோடு நிற்பதில்லை. தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, ஈரப்பதம் அளக்கும் கருவியை உள்ளே இறக்கி 24 மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள், ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 2170 என்பது அந்த முறை. 4 அங்குலத் தளமென்றால் துளை 1.6 அங்குலம். டைல் கம்பெனி வேறு அளவு சொல்லாதபோது 75 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்கிறார்கள். மேலேயும் உள்ளேயும் ஈரம் ஒன்றுபோல் இருக்காது, அதனால்தான் துளை போட்டுப் பார்ப்பது. மேல்பக்கம் காய்ந்த தரையை மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் மெல்லப் பரவி மேலே சமமாகிவிடும்.

மார்ச் 6, பத்து நிமிடம் கழித்து

பிளாஸ்டிக் தாளை நடு அறையில் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதி அடையவேண்டாம். ஒன்று நடுவில், ஒன்று கதவோரம், மூன்றாவது வெளிச்சுவர் ஓரம். வெயில் நேராக விழும் இடத்தில் போடாதீர்கள்.

மார்ச் 11

மார்ச் 4 அன்று பிரைமர் தேவையில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். யாராவது அதைப் படித்து அப்படியே செய்திருந்தால் மன்னிக்கவும்.

எழுதிய பிறகு மனசு ஒப்பவில்லை. பொருட்கள் போட்டுவைக்கும் சின்ன அறையில் மிச்சமிருந்த டைலை வைத்துப் பார்த்தேன். ஒரே தரை, ஒரே மாதிரி சுத்தம், டேப் சோதனையும் செய்தேன். நான்கு டைல் நேரடியாக, நான்கு டைல் பிரைமர் அடித்த பகுதியில். ஐந்து நாள் கழித்து மூலையில் கத்திமுனையை நுழைத்து விரலால் இழுத்தேன். நேரடியாக ஒட்டியவை கொஞ்சம் முரண்டுபிடித்து, பிறகு தாள் கிழிகிற சத்தத்தோடு முழுதாக வந்துவிட்டன. பிரைமர் மேல் ஒட்டியதில் டைலின் மூலைதான் நீண்டு வெளுத்தது, பசை விடவில்லை. என் பழைய அறையில் பிரைமர் இல்லாமலே நின்றது உண்மைதான், ஆனால் அந்தத் தரை நன்றாக மெழுகி வழவழவென்று இருந்தது. துளை அதிகமுள்ள சொரசொரப்பான தரைக்கு அந்த அனுபவத்தைப் பொருத்தியது என் பிழை.

எந்தத் தரை எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சொட்டுவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். உறிஞ்சிவிட்டால் துளையுள்ள தரை, பிரைமர் கட்டாயம், சில நேரம் இரண்டு பூச்சு. முத்துபோல உருண்டு அப்படியே நின்றால் மேலே மெழுகோ, எண்ணெயோ, வேறு ஏதோ பூச்சோ இருக்கிறது, முதலில் அதை எடுக்கவேண்டும்.

பிரைமர் என்பது பால் நிறத்தில் இருக்கும் அக்ரிலிக் திரவம். பெயிண்ட் ரோலரால் மெல்லிசாக அடிக்கவேண்டும், பள்ளத்தில் குட்டையாகத் தேங்க விடக்கூடாது. வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனதும், தொட்டால் லேசாக ஒட்டினாலும் விரலில் எதுவும் வராமல் இருந்தால் சரி. மிச்சமிருக்கும் நுண்தூசியைக் கட்டிப்போடுவதும், தரை பசையை உறிஞ்சிவிடாமல் தடுப்பதும்தான் அதன் வேலை.

ஆனால் பிரைமர் ஓதத்தைத் தடுக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் சுவரோரத்திலும் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள்.

மார்ச் 15

மேடு பள்ளம். வினைல் டைலின் கனம் ஒன்றரை, இரண்டு மி.மீ. தான், துணி விரித்தது மாதிரி. அடியில் என்ன இருக்கிறதோ அது மேலே தெரிந்தே தீரும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்தில் தெரியும். நான் ஒட்டியதில் ஒரு டைலுக்கு அடியில் மணல் பரல் ஒன்று சிக்கியது. அன்றைக்குக் கையில் படவில்லை. நடக்க நடக்க டைல் படிந்து, பரல் மட்டும் சின்னப் பரு மாதிரி மேலே வந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அறைக்குள் நுழைந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

நீளமான மட்டப்பலகையைத் தரையில் நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். 10 அடி நீளத்துக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல், அதாவது 5 மி.மீ. அளவுக்குமேல் வெளிச்சம் தெரிந்தால் அங்கே நிரப்பவேண்டும். மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தைச் சிமெண்ட் சார்ந்த பட்டியால் நிரப்பவேண்டும். ஜிப்சம் சார்ந்த பட்டி வேண்டாம், ஈரம் பட்டால் இளகிவிடும். தரை மொத்தமும் அலையாக இருந்தால், தானே பரவி மட்டமாகிற செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றுவதுதான் வழி, அதற்கும் அடியில் அதற்கான பிரைமர் வேண்டும். எதை நிரப்பினாலும் பெட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிடுங்கள். பட்டியின் மேல்தோல் வெளுத்துவிட்டதே என்று அவசரப்பட்டால், அதிலிருக்கும் தண்ணீர் ஓதமாக மாறி உங்கள் டைலைத் தூக்கும்.

விரிசல்கள் எல்லாம் ஒன்றில்லை. மயிரிழை விரிசலை நிரப்பலாம். தளம் போடும்போதே அறுத்துவிட்ட கோடுகளையும் நிரப்பலாம். கட்டடம் அசைவதற்காக முழு ஆழத்துக்கு விட்டிருக்கும் இடைவெளியை மட்டும் நிரப்பி மேலே டைல் ஒட்டக்கூடாது. அது வருடம் முழுக்க அசையும், டைல் கிழியும் அல்லது உப்பும். அங்கே டைலை நிறுத்தி மேலே ஒரு பட்டை கொடுக்கவேண்டும்.

மார்ச் 16

புதுத் தளத்தில் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், 4 அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம். அதுவும் தோராயம்தான், கூரை போட்டுக் காற்றோட்டம் இருக்கும் இடத்துக்குச் சொன்னது. நடுவில் மழை பட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

தரையில் பெயிண்ட் இருந்தால்? டைல் பெயிண்டைப் பிடிக்கும், பெயிண்ட் தரையைப் பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இல்லை. சுரண்டிவிடுங்கள்.

மார்ச் 17

நேற்றைய குறிப்பில் சுரண்டுங்கள் என்று எழுதிவிட்டுப் படுத்தேன், இதைச் சொல்லாமல் விட்டது உறுத்தியது. பழைய கட்டடத்தில் முன்பே போட்ட டைல் இருந்து, அது 9 அங்குலச் சதுரமாக, கெட்டியாக, வளைத்தால் ஓடுபோல் படீரென்று உடைவதாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். 1980களுக்கு முன்னால் போட்ட அந்த மாதிரி டைல்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு, அடியில் இருக்கும் தார் போன்ற கறுப்புப் பசையிலும் உண்டு. சுரண்டவோ, தேய்க்கவோ, மெஷின் விடவோ கூடாது. ஒரு துண்டைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும். அசையாமல் முழுதாக இருந்தால் தொடாமல் மேலே மூடிவிடுவதே நல்லது.

பெயிண்டும் அப்படித்தான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

மார்ச் 22

கதவுப் பக்கத்தைச் சுத்தம் செய்து பிரைமர் அடித்தாயிற்று, மறுபடி ஒட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரோரத்தை விட்டுவைத்தது சரியான முடிவு. ஒட்டுவது பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே கொட்டிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

பெட்டிகளை இரண்டு நாள் முன்னதாகவே அந்த அறைக்குள் கொண்டுவந்து படுக்கையாக வையுங்கள், நிறுத்திவைத்தால் டைல் வளைந்துவிடும். அறை 18 முதல் 29 டிகிரிக்குள் இருந்தால் பசை நன்றாக வேலை செய்யும். எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் மூன்று நான்கு பெட்டியைத் திறந்து கலந்து எடுங்கள், நிறத்தில் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் பரவிவிடும். உங்கள் அறைக்கு 120 டைல், வெட்டுவதற்கும் வீணாவதற்கும் 10 சதவீதம் சேர்த்து 132. மிச்சத்தைத் தூக்கி எறியாதீர்கள், நாளைக்கு ஒன்று கிழிந்தால் அதே நிறம் வெளியே கிடைக்காது.

சுவரிலிருந்து தொடங்காதீர்கள், எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பு நூல் அடித்து, குறுக்கே இன்னொரு நூல் அடியுங்கள். இரண்டும் செங்குத்தாகச் சந்திக்கின்றனவா என்று பார்க்க, சந்திப்பிலிருந்து ஒரு கோட்டில் 3 அடி, மறு கோட்டில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் சரியாக 5 அடி வரவேண்டும். இடம் இருந்தால் 6, 8, 10 என்று பெரிதாக அளப்பது இன்னும் நல்லது, பிழை சிறிதாகும்.

பிறகு தாளை உரிக்காமலே ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். அறையின் அகலம் 10 அடி 4 அங்குலம் என்று வையுங்கள். நடுக்கோட்டில் இரண்டு டைலின் இணைப்பு வந்தால் பக்கத்துக்கு 5 முழு டைலும் சுவரோரம் 2 அங்குலச் சீவலும் மிஞ்சும். அந்தச் சீவலுக்கு அடியில் பசை எவ்வளவு இருக்கும்? நான் முதல் அறையில் இப்படித்தான் விட்டேன், அந்த 14 டைலில் பாதிக்குமேல் சீவல்கள்தான். கோட்டை அரை டைல் நகர்த்தி, நடுக்கோட்டின் மேல் ஒரு டைலின் நடு வரும்படி வைத்தால் சுவரோரம் 8 அங்குலம் கிடைக்கும். பத்து நிமிட வேலை.

டைலின் பின்னால் அம்புக்குறி இருக்கும். கம்பெனி சொன்னபடி எல்லாம் ஒரே திசையிலோ, ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காகவோ வைக்கவேண்டும், பாதியில் மறந்துவிட்டால் பூவேலையின் ஓட்டம் மாறி, அப்புறம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். தாளை உரித்ததும் டைலை லேசாக வளைத்துப் பிடித்து, ஒரு விளிம்பைப் பக்கத்து டைலோடு சேர்த்து வைத்து, பிறகு மெல்லக் கீழே இறக்குங்கள். வைத்துவிட்டுத் தள்ளி நகர்த்தக்கூடாது. நகர்த்தினால் பசை இணைப்பு வழியாகப் பிதுங்கி, அழுக்கு பிடித்துக் கறுப்புக் கோடாகும்.

உரித்த தாளை உடனுக்குடன் ஒரு பையில் போடுங்கள். மெழுகுத்தாள் மாதிரி வழுக்கும், அதன்மேல் கால் வைத்து விழுந்தவரை நேரில் பார்த்திருக்கிறேன், மணிக்கட்டு உடைந்துவிட்டது.

அப்புறம் அழுத்தம். எல்லோரும் அவசரப்படுகிற இடம் இதுதான். இந்தப் பசை காய்ந்து இறுகுகிற வகை இல்லை, அழுத்தத்தால் தரையின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களுக்குள் பாய்ந்து பிடிக்கிற வகை. கையால் தட்டிவிட்டுப் போனால் மேடுகளை மட்டும்தான் தொடும். தொழில்காரர்கள் 45 கிலோ எடையுள்ள உருளையை இரண்டு திசையிலும் உருட்டுவார்கள். அது கிடைக்காவிட்டால் கைப்பிடி உருளை வாங்கி, மண்டி போட்டு, உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். நான்கு மூலையையும் தனித்தனியாக இன்னொரு முறை. மறுநாள் காலையில் மறுபடி ஒரு முறை உருட்டினால் நல்லது, முதல் ஒன்றிரண்டு நாள் பசை இன்னும் பாய்ந்துகொண்டுதான் இருக்கும்.

வெட்டுவதற்குப் புது பிளேடு. மேல்பக்கம் இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து ஒரே கீறல், பின் மடக்கினால் நேராக உடையும். கதவு நிலை, குழாய் மாதிரி கோணல்மாணல் இடங்களுக்கு முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள், அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு டைல்மேல் வைத்து வரையுங்கள். வளைவாக வெட்டவேண்டிய டைலை ஹேர் டிரையரால் சூடாக்கினால் கத்தி தடையில்லாமல் போகும்.

மார்ச் 22, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ஒட்டியபிறகு ஒரு நாளாவது கனமான சாமான் வைக்காதீர்கள், ஐந்து நாள் தண்ணீர் ஊற்றித் துடைக்காதீர்கள். பெருக்கலாம்.

ஏப்ரல் 2

நான் சொல்வதற்கு முன்பே சுவரோரத்தில் இரண்டு டைலுக்குக் காண்டாக்ட் பசை தடவியிருந்ததாகவும் இப்போது அந்த இரண்டின் ஓரமும் சுருண்டு நெளிந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான் ஆகும். அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் டைலின் சொந்தப் பசையையும் இளக்கும், வினைலையும் ஊறவைக்கும். அடியில் ஓதமும் இருக்கும்போது கரைப்பான் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் விதம்: ஹேர் டிரையரை ஒரு மூலையில் அரை நிமிடம் காட்டி, பட்டித் தகட்டைத் தரையோடு படுக்கவைத்து நுழைத்து, சூடு முன்னால் போகத் தகடு பின்னால் போகட்டும். நிமிர்த்திப் பிடித்தால் தரை பெயர்ந்துவரும். மிச்சப் பசையை டர்பன்டைன் நனைத்த துணியால் எடுக்கலாம், ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல். பக்கத்து டைலில் அசிட்டோன் படவே கூடாது, வினைலைக் கரைத்துவிடும்.

ஜூன் 19

கதவுப் பக்கம் அசையாமல் இருக்கிறது என்று கேட்டு நிஜமாகவே சந்தோஷம். புதிதாக நீங்கள் சொல்லும் இரண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஜன்னல் வெயில் விழும் இடத்தில் இணைப்பு விரிந்து தெரிவது, வினைல் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதால். பசையும் வெயிலில் இளகுவதால் டைல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. உச்சிவெயில் நேரத்தில் திரை போட்டுவிடுங்கள். விரிந்ததைத் தள்ளிச் சேர்க்க முடியாது, ரொம்பக் கண்ணில் பட்டால் அந்த டைலை எடுத்து வேறு ஒட்டவேண்டியதுதான்.

மிதியடிக்கு அடியில் மஞ்சள் கறை என்றால் அது ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி. ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் வினைலுக்குள் இறங்கி நிறம் மாற்றுகிறது. மேலே படிந்த அழுக்கு இல்லை என்பதால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, தேய்த்துத் தேய்த்து டைலின் மேல்பூச்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இனி துணி அடிப்பாகம் உள்ளதைப் போடுங்கள்.

அக்டோபர் 27

மழை பிடித்துப் பத்து நாளாகிறது. மார்ச் 6 குறிப்பில் நான் எழுதிய ஒன்றை மறுபடி எடுக்கவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தாள் சோதனையை எந்தக் காலத்தில் செய்வது என்று சொல்லவே இல்லை. சொல்லியிருக்கவேண்டும்.

என் சின்ன அறையில், மார்ச் மாதம் உலர்வாக இருந்த அதே இடத்தில், நேற்று மறுபடி தாளைப் போட்டேன். இன்று மாலை எடுத்தபோது தாளின் அடி முழுக்க வியர்த்திருந்தது, தரையில் தாளின் அளவுக்கே கறுப்பாக ஒரு சதுரம். விரல் வைத்தால் சில்லென்றிருந்தது. மார்ச் மாதத்துச் சோதனை அந்த ஒரு வாரத்துத் தரையைத்தான் காட்டியது. பிரைமர் அடித்து ஒட்டிய நான்கு டைலும் இன்னும் நிற்கின்றன, ஆனால் ஒன்றின் ஓரத்தை அழுத்தினால் இணைப்பில் ஈரம் மினுங்குகிறது. அடுத்த மழைக்குள் அதுவும் எழுந்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இப்போது என் கருத்து இது: மழை பெய்து தரை நனைந்திருக்கும் காலத்தில் ஒரு முறை சோதிக்காமல், மண்மேல் நேராகப் போட்ட தளத்தில் ஒட்டக்கூடாது.

உங்கள் சுவரோரத்துக்கு உள்ளே எதுவும் செய்வதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள், மழை பெய்யும்போதே. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, அது சுவரடியில் தேங்குகிறதா, வெளிமண் உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா, குழாய் ஏதாவது கசிகிறதா. மண்ணைச் சரித்து, தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோனாலே பல இடங்களில் ஓதம் பாதியாகும். அதற்குப் பிறகும் குறையவில்லையென்றால் ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பூச்சு ஒரு வழி, ஆனால் அதற்குத் தரையின் மேல்தோலை முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும், அரைகுறையாகச் செய்தால் பூச்சே உப்பும். எனக்கு அந்த இடம் கிடைத்தால் வினைலை மறந்துவிட்டுச் சிமெண்ட் கலவையில் பதிக்கும் செராமிக் டைல்தான் போடுவேன். அது ஈரத்துக்குப் பயப்படாது.

நவம்பர் 8

வெளியே மண் ஒரு சாண் உயரம் ஏறி நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டிச் சரித்தது நல்லது. உடனே ஒட்டாதீர்கள், சுவரும் தரையும் குடித்த தண்ணீர் வெளியேற மாதங்கள் ஆகும். அந்தப் பட்டையைத் திறந்தே வைத்திருங்கள். பூத்துவரும் உப்பை வாராவாரம் உலர்ந்த பிரஷ்ஷால் எடுத்து வேக்குவத்தில் உறிஞ்சுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு உப்பு வருகிறது என்று பாருங்கள்.

பிப்ரவரி 14

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரோரத் தரை ஒரே நிறமாக இருக்கிறது, ஆறு வாரமாக உப்பும் இல்லை என்கிறீர்கள். அறை முழுவதும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், ஒவ்வொரு டைலையும், மூலையில் ஒரு முறை நடுவில் ஒரு முறை. பிடித்திருப்பது கல்லைத் தட்டினதுபோல் கெட்டியாகக் கேட்கும், விட்டிருப்பது டொப்பென்று கேட்கும். சந்தேகமானதன்மேல் சின்னதாகக் காகித டேப் ஒட்டிவைத்து, அடுத்த மழைக்குப் பிறகு அதே இடங்களை மறுபடி தட்டுங்கள். சுவரோரத்தில் தாள் போட்டுப் பார்ப்பதும் அப்போதுதான், அதுவரை அந்தப் பட்டை திறந்தே இருக்கட்டும்.

என் சின்ன அறையில் அக்டோபரில் சந்தேகப்பட்ட அந்த டைலின் ஒரு மூலை இன்று டொப் என்கிறது. நாளை உரித்துப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 15

வெள்ளை. பிரைமர் டைலோடு சேர்ந்து வந்துவிட்டது, அதன் அடியில் உப்பு. மற்ற மூன்றையும் எடுத்துவிட்டேன். தரை காயட்டும்.